கணவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தால் மனைவிக்கு வருமா?

2021-இல் என் சித்தப்பாவுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்னால் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் 'எச்.சி.வி. ரியாக்டிவ்' என்று வந்தது, அதாவது ஹெபடைடிஸ் சி இருக்கலாம் என்று. அறுவை தள்ளிப்போனது. அன்றைக்கு ராத்திரியே சித்தி அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். சித்தப்பாவின் பாயும் தலையணையும் கூடத்துக்கு வந்துவிட்டன. துவைக்கிற துணியைக்கூடத் தனி வாளியில் போட்டார்.

மறுநாள் நான் போனபோது சித்தி அடுப்படியில் வைத்துக் கேட்டார்: "முப்பது வருஷத்துக்கு மேல ஒண்ணா குடும்பம் நடத்தியாச்சு. எனக்கும் வந்திருக்குமாப்பா?" சித்தப்பாவின் கவலை வேறு. அவர் வாசலில் நிறுத்திக் குரலைத் தணித்துச் சொன்னார்: "நான் அப்படிப்பட்டவன் இல்லடா. உங்க சித்திகிட்ட நீயாவது எடுத்துச் சொல்லு."

இந்த இரண்டு கேள்விகளும்தான் ஹெபடைடிஸ் சி என்று தெரியவரும் வீடுகளில் முதலில் எழுகின்றன. எனக்கும் வந்திருக்குமா? உனக்கு எப்படி வந்தது? கல்லீரலைப் பற்றிய கேள்வி அதற்கப்புறம்தான் வருகிறது. முதல் இரண்டுக்கும் மருத்துவ உலகம் முப்பது வருடங்களாகத் தேடிச் சேர்த்த பதில் இருக்கிறது. அது நம் பயத்தைவிட மிகவும் நல்ல பதில். ஆனால் அதிகம் பேருக்குப் போய்ச் சேரவில்லை.

ஹெபடைடிஸ் சி ரத்தத்தின் வழியாகப் பரவி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ். 1970-களில் அமெரிக்காவில் ஹார்வி ஆல்டர் என்ற மருத்துவ ஆய்வாளர், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வரும் கல்லீரல் அழற்சியில் பெரும்பகுதிக்கு அப்போது தெரிந்திருந்த ஏ வைரஸும் பி வைரஸும் காரணமில்லை என்று காட்டினார். அதனால் நோய்க்கு 'ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத ஹெபடைடிஸ்' என்றே பல வருடங்கள் பெயர் இருந்தது. 1989-இல் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் அந்த வைரஸின் மரபணுவைப் பிடித்தார்கள். அதன்பின்தான் ரத்தத்தைச் சோதிக்க வழி பிறந்தது. ஆல்டர், ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வருடக் கணக்கு எங்கள் வீட்டுக் கதைக்கும் வேண்டியிருக்கிறது. சித்தப்பா 1991-இல் ஒரு லாரி விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தபோது அவருக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இந்தியாவில் தானமாக வரும் ரத்தத்தை ஹெபடைடிஸ் சி-க்காகக் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்ற விதி 2000-களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்ட யாருக்கும் இது வந்திருக்கலாம். வந்திருந்தாலும் தெரியாது. கல்லீரல் வலிக்காது, இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் இருக்கும். தொற்று நிலைத்துப்போனவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இருபது வருடங்களுக்குள் சிரோசிஸ் என்னும் கல்லீரல் இறுக்க நோய் வருகிறது. மற்றவர்கள் ஏதோ ஒரு பரிசோதனையில் தற்செயலாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

சரி, இவ்வளவு வருடங்கள் தெரியாமலே கூட வாழ்ந்த மனைவிக்கு?

இதைக் கண்டுபிடிப்பது சுலபமாகத் தோன்றும். தொற்று உள்ளவர்களின் துணைகளைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதாதா? போதாது. அதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. இருவருக்கும் தொற்று இருந்தால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வந்தது என்று எப்படிச் சொல்வது? கணவனும் மனைவியும் ஒரே ஊரில் இருப்பவர்கள், ஏறக்குறைய ஒரே வயதினர். ஒரே டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்பவர்கள், ஒரே இடத்தில் பல் பிடுங்கிக்கொள்பவர்கள். அமெரிக்காவில் அந்தத் தலைமுறையில் பலர் இளவயதில் சேர்ந்தே போதை ஊசி போட்டுக்கொண்டவர்கள். இருவருக்கும் வெளியிலிருந்தே தனித்தனியாக வந்திருக்கலாம் அல்லவா?

இந்தச் சிக்கலைப் பொறுமையாக அவிழ்த்த ஆய்வு வடக்குக் கலிபோர்னியாவில் நடந்தது. சான் பிரான்சிஸ்கோவின் கல்லீரல் மருத்துவர் நோரா டெரால்ட் தலைமையிலான குழு அதை 2013-இல் வெளியிட்டது. ஹெபடைடிஸ் சி உள்ள, எச்.ஐ.வி. இல்லாத 500 பேரையும் அவர்களுடைய நீண்டகாலத் துணைகளையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் ஆண்-பெண் இணைகள். சேர்ந்து வாழ்ந்த காலம் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 52 வருடம். நடுவளவு 15 வருடம். இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து விசாரித்தார்கள். வாழ்நாளில் ரத்தம் ஏற்றியது, ஊசி போட்டது, பச்சை குத்தியது, படுக்கையறை வழக்கம், ரேசரைப் பகிர்வது என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். தனித்தனியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். துணை பக்கத்தில் இருந்தால் எத்தனை பேர் பழைய கதையைச் சொல்வார்கள்?

500 துணைகளில் 20 பேருக்குத் தொற்றின் அடையாளம் இருந்தது. நூற்றுக்கு 4. இந்த எண்ணோடு நிறுத்தியிருந்தால், 'நூறு மனைவியரில் நால்வருக்குக் கணவன் மூலம் வருகிறது' என்று செய்தி போட்டிருப்பார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. அந்த 20 இணைகளில் இருவருக்கும் ஒரே வகை வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 9 இணைகளில்தான் வகை ஒத்துப்போனது. அப்புறம் மரபணுவை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். கடைசியில் 3 இணைகளில் மட்டுமே இருவரின் வைரஸும் நெருங்கிய உறவுடையதாக இருந்தது. 500-இல் 3. நூற்றுக்கு 0.6.

மரபணுவை ஒப்பிடுவது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள நமக்கு ஓலைச்சுவடி இருக்கிறது. ஒரு சுவடியைப் பார்த்து இன்னொன்றை எழுதும்போது எழுதுபவர் சில இடங்களில் பிழை விடுவார். அந்தப் படியிலிருந்து எடுக்கும் அடுத்த படியில் அந்தப் பிழையும் வரும், புதிய பிழைகளும் சேரும். பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை வரிசைப்படுத்தி எந்தச் சுவடி எதைப் பார்த்து எழுதியது, எது வேறு வழியில் வந்தது என்று சொல்லிவிடுவார்கள். ஹெபடைடிஸ் சி வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது ஏராளமாகப் பிழை விடும். திருத்திக்கொள்ளும் வசதி அதற்குக் கிடையாது. அதனால் ஒவ்வொருவர் உடம்பிலும் அது தனக்கென்று ஒரு பாடபேதத்தை உண்டாக்கிக்கொள்கிறது. கணவன் மனைவி இருவரின் பாடமும் ஒத்துப்போனால் ஒரே மூலம். போகாவிட்டால் இருவரும் வேறு வேறு இடத்தில் தொற்றிக்கொண்டவர்கள்.

அந்த மூன்று இணைகளையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். எல்லா இணைகளும் சேர்ந்து வாழ்ந்த மொத்தக் காலம் 8,377 வருடங்கள். அந்த மூன்று தொற்றும் உடலுறவால்தான் வந்தன என்றே வைத்துக்கொண்டாலும், பரவும் வேகம் அதிகபட்சம் வருடத்துக்கு 0.07 சதவீதம். ஏறத்தாழ 1,400 இணைகள் ஒரு வருடம் வாழ்ந்தால் ஒருவருக்கு வரலாம். உறவுக் கணக்கில் சொன்னால் 1,90,000 முறைக்கு ஒன்று. வாரம் இரண்டு முறை என்று வைத்தால் 1,800 வருடங்களுக்கு மேல் ஆகும். இதுவும் அதிகபட்சக் கணக்குதான். ஏனென்றால் அந்த மூவருக்கும் ரேசர் மூலம் வந்திருக்கலாம் என்பதை யாராலும் மறுக்க முடியாது. எந்தக் குறிப்பிட்ட படுக்கையறை வழக்கத்துக்கும் தொற்றுக்கும் தொடர்பு இருப்பதாகவும் அந்த ஆய்வில் தெரியவில்லை.

இதற்கு முன்பே, 2004-இல், இத்தாலியிலிருந்து ஓர் ஆய்வு வந்திருந்தது. அங்கே கேள்வியை முன்னோக்கிக் கேட்டார்கள். நோயுள்ளவர்களின், இன்னும் தொற்று வராத 895 துணைகளை எடுத்துக்கொண்டு பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். ஆணுறை வழக்கமாகப் பயன்படுத்தாத, ஒருவருக்கொருவர் மட்டும் என்று வாழ்ந்த இணைகள். பத்து வருடத்தில் மூன்று பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. ஒருவரின் வைரஸ் வகையே துணையினுடையதிலிருந்து வேறு. மற்ற இருவரின் மரபணுவும் துணையோடு ஒத்துப்போகவில்லை. ஆக, துணையிடமிருந்து வந்தது பூஜ்ஜியம்.

மூன்றாவதாக ஒரு சான்று இருக்கிறது. அது யாரும் திட்டமிட்டுச் செய்த ஆய்வு இல்லை, ஒரு பெருந்துயரம். ரத்தவகை நெகட்டிவாக உள்ள தாய்க்கு பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 'ஆன்டி-டி' என்ற ஊசி போடுவார்கள். அடுத்த குழந்தையைக் காப்பாற்றும் ஊசி அது. அயர்லாந்தில் 1977, 78-இல் போடப்பட்ட ஆன்டி-டி மருந்தில் ஹெபடைடிஸ் சி கலந்திருந்தது. 1994-இல்தான் அது வெளியே வந்தது. நாடு முழுவதும் 62,000-க்கும் அதிகமான பெண்களைச் சோதித்ததில் 704 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்த அடையாளம் தெரிந்தது. பிள்ளை பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போன இளம் தாய்மார்கள். போதை ஊசி இல்லை, வேறு காரணமும் இல்லை. எப்போது தொற்றியது என்பதும் கிட்டத்தட்டத் தேதி சகிதம் தெரியும். அதற்கப்புறம் பதினேழு வருடங்கள் எதுவும் தெரியாமல், எந்தத் தடுப்பும் இல்லாமல் குடும்பம் நடத்தியவர்கள். கிழக்கு ஜெர்மனியிலும் 1978, 79-இல் இதே போல் நடந்தது. இந்தப் பெண்களின் கணவர்களைச் சோதித்துப் பார்த்தபோது தொற்று மிக அரிதாகவே இருந்தது. அந்தப் பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை எதுவும் ஈடுசெய்யாது. ஆனால் அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து கிடைத்த இந்தச் செய்தி இன்று எத்தனையோ வீடுகளில் நிம்மதி தருகிறது.

ஏன் இவ்வளவு அரிது? இதே உறவின் வழியாக ஹெபடைடிஸ் பி நன்றாகப் பரவுகிறது, எச்.ஐ.வி. பரவுகிறது. சி-க்கு மட்டும் என்ன?

முதல் காரணம் அளவு. ஹெபடைடிஸ் பி முற்றியிருப்பவரின் ஒரு மில்லி ரத்தத்தில் நூறு கோடி வைரஸ்கூட இருக்கலாம். சி-யில் அது லட்சக்கணக்கில், மிஞ்சினால் கோடிக் கணக்கில். விந்துவிலும் பெண்ணுறுப்புத் திரவத்திலும் சி வைரஸின் தடயம் சில சமயம் கிடைக்கிறது, சில சமயம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மிகக் குறைவு. இரண்டாவது காரணம் வாசல். எச்.ஐ.வி. தேடும் நோய் எதிர்ப்பு அணுக்கள் பிறப்புறுப்பின் தோலடியிலேயே இருக்கின்றன. உள்ளே நுழைந்ததும் அதற்கு இடம் கிடைத்துவிடுகிறது. சி வைரஸுக்கு வேண்டியது கல்லீரல் செல். காயமில்லாத தோலையும் சவ்வையும் தாண்டி, ரத்தத்தில் கலந்து, கல்லீரல் வரை போய்ச் சேர வேண்டும். காயமும் ரத்தமும் இல்லாத இடத்தில் அதற்கு அந்த வழி திறப்பதில்லை.

இதைத் திருப்பிப் படித்தால் விதிவிலக்குகளும் தெரிந்துவிடும். எங்கே காயமும் ரத்தமும் இருக்கின்றனவோ அங்கே ஆபத்து ஏறுகிறது. 2000-க்குப் பிறகு லண்டன், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், பெர்லின் போன்ற நகரங்களில் ஆண்களோடு உறவு வைத்திருக்கும், எச்.ஐ.வி. உள்ள ஆண்களிடையே ஹெபடைடிஸ் சி உடலுறவு வழியாகவே பரவியது உறுதியானது. ஆசனவாய்ச் சவ்வு மெல்லியது, எளிதில் கிழியும். கூடவே எச்.ஐ.வி., வேறு பால்வினைப் புண்கள், பல துணைகள் என்று சேர்ந்தால் கலிபோர்னியாக் கணக்கு அங்கே செல்லாது. அந்தக் கணக்கு எச்.ஐ.வி. இல்லாத, ஒருவருக்கொருவர் மட்டும் என்று வாழும் ஆண்-பெண் இணைகளுடையது. இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எடுத்துப் பரப்புவது தவறு. துணைக்கு எச்.ஐ.வி. இருந்தாலோ, பிறப்புறுப்பில் புண் இருந்தாலோ, மாதவிலக்கு நாட்களிலோ ஆணுறை போட்டுக்கொள்வது நல்லது, அல்லது அந்த நாட்களைத் தவிர்க்கலாம். மற்றபடி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் உட்பட மருத்துவ வழிகாட்டுதல்கள் நீண்டகால இணைகளிடம் உங்கள் தாம்பத்திய வழக்கத்தை மாற்றத் தேவையில்லை என்றே சொல்கின்றன. மனநிம்மதிக்காக ஆணுறை போட விரும்பினால் போடலாம், அது அவரவர் முடிவு.

முத்தம் கொடுப்பதால் வராது. கட்டிப்பிடிப்பதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால், எச்சில் பட்ட தம்ளரில் குடிப்பதால், இருமலால், கொசுக்கடியால் வராது. துணியைத் தனியாகத் துவைக்க வேண்டாம். தாய்ப்பால் கொடுக்கலாம், காம்பில் வெடிப்பு வந்து ரத்தம் கசிந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்திவைக்க வேண்டும்.

அப்படியானால் சில நாடுகளில் கணவன் மனைவி இருவருக்கும் தொற்று அதிகமாகக் காணப்படுவது ஏன்? எகிப்தைப் பார்க்கலாம். 1950-களிலிருந்து 80-கள் வரை அங்கே நத்தைப்புழு நோய்க்கு அரசே ஊர் ஊராகப் போய் நரம்பு ஊசி போட்டது. கண்ணாடி ஊசிகள் சரியாகக் கொதிக்கவைக்கப்படாமல் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போயின. நல்லதற்காகத் தொடங்கிய வேலை ஊர்களில் வைரஸை விதைத்துவிட்டது. 2008-இல் எடுத்த கணக்கில் 15 முதல் 59 வயதுள்ள எகிப்தியர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்குத் தொற்றின் அடையாளம் இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் கணவனுக்கும் இருக்கும், மனைவிக்கும் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் இருக்கும். பஞ்சாபில் ஹெபடைடிஸ் சி அதிகமாக இருப்பதற்கும், பயன்படுத்திய ஊசியையே மறுபடி பயன்படுத்தியது பெரிய காரணமாகச் சொல்லப்படுகிறது. காய்ச்சல் என்றால் ஊசி போட்டால்தான் திருப்தி என்ற பழக்கம் நமக்கும் உண்டு. குடும்பத்தோடு ஒரே இடத்துக்குப் போய், ஒரே கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் நாம். கணவன் மனைவி இருவருக்கும் ரியாக்டிவ் என்று வந்தால் படுக்கையறையைச் சந்தேகப்படுவதற்கு முன் ஊசிகளை நினைத்துப் பாருங்கள். டயாலிசிஸ், பழைய பல் சிகிச்சை, காது மூக்குக் குத்தியது, திருவிழாவில் பச்சை குத்தியது எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள்.

திருமணமாகி அதிக வருடங்கள் ஆனவர்களுக்கு இருவருக்கும் தொற்று அதிகம் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அதிக வருடம் ஆனவர்கள் என்றால் வயதானவர்கள். வயதானவர்கள் என்றால் சோதிக்கப்படாத ரத்தமும் கொதிக்காத ஊசியும் இருந்த காலத்தில் வாழ்ந்தவர்கள். அந்த ஆய்வுகளைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

இனி, வீட்டுக்குள் உண்மையிலேயே கவனிக்க வேண்டியதற்கு வருவோம். ரத்தம் படும் பொருள்கள். ஷேவ் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுகிறது. பிளேடின் ஓரத்தில் ரத்தம் ஒட்டிக்கொள்கிறது. நகவெட்டி தோலோரத்தைக் கடிக்கிறது. ஈறு பலவீனமானவர்களின் டூத் பிரஷ்ஷில் தினமும் ரத்தம் படுகிறது. நோயாளிகளின் பிரஷ்களைக் கழுவிய நீரில் வைரஸின் மரபணுவையே கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்த வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் சட்டென்று சாவதில்லை. அறை வெப்பத்தில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தரையில் ரத்தம் சிந்தினால் கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசலால் துடைத்தெடுக்க வேண்டும். வெட்டுக்காயத்தை மூடிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சித்திக்கும் சித்தப்பாவுக்கும் இருவருக்குமே சர்க்கரை. வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்றுதான். காலையில் சித்தப்பா விரல் நுனியில் அந்தப் பேனா மாதிரி இருப்பதை வைத்து அழுத்துவார், டக்கென்று ஒரு சத்தம், ஒரு சொட்டு ரத்தம். அப்புறம் அதே பேனாவை சித்தி வாங்கித் தன் விரலில் வைத்துக்கொள்வார். ஊசியை வாரத்துக்கு ஒரு தடவை மாற்றுவார்கள், செலவு மிச்சம் என்று. தட்டு தனி, தம்ளர் தனி, பாய் தனி, வாளி தனி. பேனா மட்டும் இரண்டு பேருக்கும் பொது. ரிப்போர்ட் வந்து ஐந்து நாள் கழித்து, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் அதைப் பார்த்தேன். எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. அந்தப் பேனாவைத் தயாரிக்கும் நிறுவனங்களே ஒருவருக்கு ஒன்று என்றுதான் சொல்கின்றன. ஊசியை மாற்றினாலும் பேனாவின் மூக்கில் ரத்தம் ஒட்டியிருக்கலாம். சர்க்கரை உள்ள இணைகள் நம் ஊரில் எவ்வளவு பேர்! தயவுசெய்து ஆளுக்கொரு பேனா வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் பேனாவும் அப்படியே.

சித்திக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். தொற்று இல்லை.

துணைக்குப் பரிசோதனை செய்வது அவசியம் என்றே நினைக்கிறேன், ஆபத்து குறைவு என்று தெரிந்த பின்னும். காரணம், அவருக்கும் சொந்தமாக ஒரு பழைய ஊசி, ஒரு பழைய ரத்தப் பாட்டில் இருக்கலாம். முதலில் செய்வது ஆன்டிபாடி பரிசோதனை. வைரஸை எப்போதாவது உடம்பு சந்தித்திருக்கிறதா என்பதை அது காட்டும். இப்போது இருக்கிறதா என்பதைக் காட்டாது. தொற்றிய நூறு பேரில் சுமார் முப்பது பேருக்கு ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே வைரஸ் போய்விடுகிறது. ஆனால் ஆன்டிபாடி பெரும்பாலும் போகாது. அதனால் ரியாக்டிவ் என்று வந்தால் அடுத்து ஆர்.என்.ஏ. பரிசோதனை, அதாவது ரத்தத்தில் இப்போது வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் வைரல் லோடு, பார்த்தே ஆக வேண்டும். அதைப் பார்க்காமல் 'உங்கள் மனைவிக்கும் இருக்கிறது' என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. அண்மையில் தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஆன்டிபாடி தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆர்.என்.ஏ. ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும்.

குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் இணைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பாவுக்கு மட்டும் தொற்று இருந்தால் குழந்தைக்கு வராது. அம்மாவுக்கு ரத்தத்தில் வைரஸ் இருந்தால் நூற்றுக்கு ஐந்தாறு குழந்தைகளுக்கு வரலாம், அம்மாவுக்கு எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் இன்னும் கூடும். கர்ப்பத்துக்கு முன்னாலேயே சிகிச்சையை முடித்துவிடுவதுதான் எல்லாவற்றையும்விட நல்லது. சிகிச்சையில் ரிபாவிரின் என்ற மருந்தும் சேர்ந்திருந்தால், அதைச் சாப்பிடுபவர் ஆணோ பெண்ணோ, முடிந்த பின்னும் டாக்டர் சொல்லும் காலம் வரை கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் குணப்படுத்த முடியும், முழுசாக. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது. 2013-இன் கடைசியில் சோஃபோஸ்புவிர் மாத்திரை அமெரிக்காவில் வந்தபோது 12 வாரச் சிகிச்சைக்கு விலை 84,000 டாலர். ஒரு மாத்திரை 1,000 டாலர். 2014-இல் இந்திய மருந்து நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்த பின் அதே மருந்து இங்கே மிகக் குறைந்த விலைக்கு வந்தது. 2018 ஜூலை 28, உலக ஹெபடைடிஸ் நாளன்று, தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள். கல்லீரல் இறுகாதவர்களுக்குச் சோஃபோஸ்புவிர், டக்லட்டாஸ்விர் என்ற இரண்டு மாத்திரைகள், தினம் ஒரு வேளை, 84 நாள். கல்லீரல் இறுகியிருந்தால் மருந்துக் கூட்டு மாறும். முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. பார்த்து, இல்லை என்று வந்தால் குணமாகிவிட்டது என்று பொருள். ரத்தத்தில் வைரஸ் இல்லாதவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 மதிப்பீட்டின்படி உலகில் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. இந்தியாவில் மட்டும் சுமார் 55 லட்சம். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

ஒரு தடவை குணமானால் எதிர்ப்பு சக்தி வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். மறுபடி தொற்றலாம். வீட்டில் இருவருக்குமே வைரஸ் இருந்தால் இருவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுத்துக்கொள்வது நல்லது.

சித்தப்பா 84 நாளும் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார். காலண்டரில் தினமும் பேனாவால் ஒரு கோடு போடுவார். மூன்று மாதம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் இல்லை. அதற்குள் பாய் உள்ளே போயிருந்தது. எப்போது போனது என்று நான் கேட்கவில்லை.

போன வருடம் கண்புரை அறுவைக்குப் போனபோது அங்கே மறுபடி 'எச்.சி.வி. ரியாக்டிவ்' என்று எழுதிக் கொடுத்தார்கள். சித்தி இந்த முறை பதறவில்லை. பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட பழைய ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டை எடுத்து நீட்டி, "அது பழைய ஆன்டிபாடிங்க. வைரஸ் இல்ல, இதோ பாருங்க" என்றார். குணமானவர்கள் எல்லோரும் அந்த ஒரு தாளை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். ஆன்டிபாடி பரிசோதனை பெரும்பாலும் ஆயுசுக்கும் ரியாக்டிவ் என்றேதான் வரும்.